வால்பாறையின் மழைக்காட்டுத் துண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வால்பாறைக்காரன். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா ஃபேக்டரியில் இருந்தார். இப்போது கீழே சமவெளியில் வேலை என்றாலும் மழைக்காலத்தில் ஊருக்குப் போனால் ஓர் அறக்கட்டளை கெட்டுப்போன காட்டுத் துண்டுகளைச் சீரமைக்கக் கன்று நடுகிற இடத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வருவேன். எந்த அமைப்பிலும் ஊழியன் இல்லை. நண்பர்களும் சொந்தக்காரர்களும், மலையில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

மழைக்காட்டுத் துண்டு என்றால் என்ன?

ஆனைமலையின் மேல் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுநிலம் வால்பாறை. 1890களில் ஆங்கிலேயர்கள் இங்கே காட்டை வெட்டத் தொடங்கினார்கள். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதி காபியும் தேயிலையுமாக மாறிவிட்டது. ஆனால் முழுவதையும் வெட்டவில்லை. சரிவு அதிகமான இடம், ஓடைக்கரை, விறகுக்கென்று ஒதுக்கியது, நிழலில் ஏலக்காய் போட்டது என்று அங்கங்கே கொஞ்சம் விட்டுவைத்தார்கள். அப்படித் தப்பித்தவை நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. சில துண்டுகளை ஐந்து நிமிடத்தில் சுற்றிவந்துவிடலாம், சிலவற்றைச் சுற்ற ஒரு நாள் வேண்டும்.

எங்கள் பக்கம் தேயிலை நிற்கும் இடத்தைத்தான் காடு என்போம். "இன்னைக்கு எந்தக் காட்டில் கொழுந்து?" என்றுதான் காலையில் பேச்சு தொடங்கும். நிஜமான காட்டுக்குப் பெயர் சோலை. சின்ன வயதில் சோலைக்குள் போகாதே என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அதனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சுற்றிலும் புலிகள் காப்பகம் இருக்கிறதே, இந்தச் சின்னத் துண்டுகள் எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால். நடுவில் தேயிலை. ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற யானைக்கு இந்த மேட்டுநிலம்தான் வழி. பகலில் தேயிலையில் நிற்க அதற்கு இடமில்லை, ஆள்நடமாட்டம் இருக்கும், வெயிலும் அடிக்கும். சோலைத் துண்டுகளிலும் நடு ஆறு, சோலையாறு கரைகளில் மிச்சமிருக்கும் மரங்களுக்கு அடியிலும்தான் பகல் பொழுதைக் கழிக்கும். இருட்டிய பிறகு நகரும்.

இன்னொன்று சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அது மரத்திலேயே வாழ்வது, தரைக்கு இறங்க விரும்பாதது. வால்பாறை ஊருக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டம் சோலையில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அந்தத் துண்டு நூறு ஹெக்டேர்கூட வராது, குறுக்கே சாலையும் போகிறது. மேலே கிளைகள் தொடாத இடத்தில் குரங்கு ரோட்டில் இறங்கித்தான் கடக்க வேண்டும், வண்டியில் அடிபடும். அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு ஒரு தாய் அந்தப் பாலத்தில் நடுவரை வந்து, கீழே லாரி போகும்வரை அசையாமல் நின்று, பிறகு கடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அறக்கட்டளை இந்த நிலங்களை வாங்கிவிட்டதா?

இல்லை. இதைத்தான் நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். நிலம் பெரும்பாலும் எஸ்டேட் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. இங்கே வேலை செய்வது நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற பொது அறக்கட்டளை. 1996இல் மைசூரில் தொடங்கியது. திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் அதன் சார்பில் 2000ஆம் ஆண்டை ஒட்டி வால்பாறையில் சோலைகளைச் சீரமைக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். பாரி ஆக்ரோ, டாடா காபி போன்ற கம்பெனிகளோடு பேசி, "இந்தத் துண்டுகளை வெட்டாமல் விடுங்கள், கெட்டுப்போன இடத்தில் நாங்கள் நட்டுத் தருகிறோம்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாற்றும் ஆட்களும் கணக்கெடுப்பும் அறக்கட்டளையின் பொறுப்பு. நிலத்தைத் தொடாமல் விடுவது கம்பெனியின் பொறுப்பு.

இதில் ஒரு பலவீனம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கம்பெனி கைமாறினாலோ மேனேஜர் மாறினாலோ எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் இருபது வருடமாக அங்கேயே வீடு எடுத்துத் தங்கி, மேனேஜரிலிருந்து கங்காணிவரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியதால்தான் வேலை நடக்கிறது. காகிதத்தைவிட அந்தப் பழக்கம்தான் இத்தனை வருடம் சோலையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் நிலத்தை வாங்கியே காப்பாற்றுகிறார்களாமே? இங்கே ஏன் முடியாது?

அங்கே இதற்கு நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம் உண்டு. மாசசூசெட்ஸில் 1891இல் 'டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், ஒரு வட்டாரத்தின் நல்ல நிலங்களை மக்களுக்காக வைத்துக்கொள்ள. மெய்ன் மாநிலத்தில் பெர்சிவல் பாக்ஸ்டர் என்ற முன்னாள் ஆளுநர் சொந்தக் காசில் மலையும் காடுமாகத் துண்டு துண்டாக வாங்கி, முப்பது வருடத்துக்கும் மேலாக, சுமார் இரண்டு லட்சம் ஏக்கரை மாநிலத்துக்கே கொடுத்தார். என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டுக் கொடுத்தார்.

வாங்காமலேயே காப்பாற்ற இன்னொரு வழியும் அங்கே உண்டு. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் கட்டடம் கட்டும் உரிமையையும் மரம் வெட்டும் உரிமையையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். நாளை யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும். அறக்கட்டளை ஆள் வருடத்துக்கு ஒருமுறை வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

நம் ஊரில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரருக்கு வழிவிடுவது, தண்ணீர் விடுவது போன்றவற்றுக்கான சட்டம் அது. ஒரு நிலத்தின் பயனுக்காக இன்னொரு நிலத்தின்மேல் உள்ள உரிமையைத்தான் அது ஏற்கிறது. பக்கத்தில் நிலமே இல்லாத ஓர் அறக்கட்டளைக்கு "இந்தக் காட்டை வெட்டமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அமெரிக்க முறையை அப்படியே இறக்க முடியாது. இங்கே வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

சும்மா விட்டுவிட்டால் காடு தானாக வளராதா?

சில இடத்தில் வளரும். நல்ல சோலை ஒட்டினாற்போல் இருந்து, மண் கெடாமல் இருந்து, மாடும் அரிவாளும் வராமல் இருந்தால் விட்டுவிடுவதுதான் சிறந்தது, செலவும் இல்லை.

ஆனால் வால்பாறையின் பல துண்டுகள் அந்த நிலையைத் தாண்டிவிட்டன. மேலே இருந்த பெரிய மரங்களை எடுத்ததும் வெயில் தரைக்கு வந்தது, வெயிலோடு உண்ணிச்செடி வந்தது. உண்ணிச்செடிப் புதருக்குள் ஒருமுறை தலையை நுழைத்துப் பாருங்கள். மேலே பூவும் பட்டாம்பூச்சியும், உள்ளே கிட்டத்தட்ட இருட்டு. அந்த இருட்டில் வெடிப்பலா என்ற சோலை மரத்தின் விதை விழுந்து முளைத்தாலும் இரண்டு இலைக்கு மேல் போகாது. அதோடு எஸ்டேட்டிலிருந்து காபிச் செடி உள்ளே பரவுகிறது. மரநாய் காபிப் பழத்தைத் தின்று சோலைக்குள் போய்ப் போடுகிறது, பாவம் அது காட்டு விதையையும் அதே மாதிரிதான் பரப்பும், அதற்கு வித்தியாசம் தெரியுமா?

பெரிய விதை உள்ள மரங்களின் கதை இன்னும் சிக்கல். கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற மரங்களின் பழத்தை முழுசாக விழுங்கி தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதற்கு இருவாச்சி மாதிரிப் பெரிய பறவை வேண்டும். துண்டு சின்னதாகி, பழமரம் குறைந்தால் இருவாச்சி வருவது குறையும். அது வராவிட்டால் அந்த மரம் வராது. இந்த இடத்தில்தான் மனிதன் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களையும், அதேபோல் கெட்டுப்போய் நடாமல் விட்ட இடங்களையும், நல்ல சோலையையும் ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். நட்ட இடத்தில் மேற்கவிகை (மரத்தலைகள் சேர்ந்த கூரை), மர வகைகள், மரத்தில் சேரும் கார்பன் எல்லாமே நடாத இடத்தைவிட நன்றாக மீண்டிருக்கின்றன. நல்ல சோலையை இன்னும் எட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

எப்படி நடுகிறார்கள்?

முதலில் விதை. சோலைக்குள்ளே போய் அள்ளிவருவதில்லை, அங்கே விழுந்தது அங்கேயே முளைக்கட்டும். ரோட்டோரம் நிற்கும் மரத்தடியில் பொறுக்குகிறார்கள், ஏனென்றால் தார்மேலும் சாக்கடையிலும் விழுகிற விதை எப்படியும் வீண்தான். மழைக்காட்டு விதைகளில் பலவற்றை நெல், உளுந்து மாதிரிக் காயவைத்து டப்பாவில் வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். வெடிப்பலா அப்படித்தான். முள்முள்ளாக உருண்டையாக இருக்கும் காய் மரத்திலேயே வெடிக்கும், விதையை எடுத்தால் ஈரம் போகுமுன் மண்ணில் வைத்துவிட வேண்டும். கருங்குங்கிலியம் நேர் எதிர். கல் மாதிரி ஓடு, முளைக்கப் பல மாதம் எடுத்துக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும்.

நாற்றங்காலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கறுப்புக் கவர்களில் நிற்கின்றன. கருங்குங்கிலியத்தின் இளந்தளிர் குங்குமச் சிவப்பாக இருக்கும், அந்த வரிசையை மட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கன்றுகள் ஒன்று, இரண்டு வருடம் அங்கேயே வளரும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஜூன், ஜூலையில் நடவு. முன்கூட்டியே உண்ணிச்செடியை வேரோடு எடுத்துவிட்டு, அதற்குள் தானாக முளைத்து நிற்கும் காட்டுக் கன்றுகளை மட்டும் குச்சி நட்டு அடையாளம் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒரே வகையை வரிசையாக நடுவதில்லை, பக்கத்துப் பக்கத்துக் கன்று வேறு வேறு வகையாக இருக்கும்படி கலந்து நடுவார்கள்.

வேலை சுலபமில்லை. வருடத்துக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் உப்பும் புகையிலையும் தடவிக்கொண்டு போனாலும் அட்டை ஏறத்தான் செய்யும். நட்டதோடு முடிவதில்லை, அடுத்த இரண்டு மூன்று வருடம் களை எடுக்க வேண்டும். ஃபோட்டோ எடுப்பதற்கு யாரும் வராத அந்தக் களை எடுப்புதான் கன்றைக் காப்பாற்றுகிறது.

எங்கள் ஊர் மலைப் புல்வெளியிலும் இப்படி மரம் நடலாமா?

தயவுசெய்து வேண்டாம். நீலகிரி, பழனிமலை உச்சிகளில் இருக்கும் புல்வெளி, காடு அழிந்த மொட்டை நிலம் கிடையாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்வெளியாகவே இருப்பது, வரையாடு மேய்வது, மழையைப் பிடித்து ஓடைக்கு விடுவது. அதைத் தரிசு என்று நினைத்து வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் தைலமும் பைனும் நட்டதால் வந்த கேட்டை இன்றைக்கும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எந்த இடத்திலும் முதல் கேள்வி, இங்கே முன்பு என்ன இருந்தது என்பதுதான்.

காட்டை வளர்த்தால் யானைத் தொல்லை கூடாதா?

எங்கள் அம்மா கேட்ட கேள்வி இது. யானை நாம் வருவதற்கு முன்பிருந்தே அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது, சோலை இருந்தாலும் போகும், இல்லாவிட்டாலும் தேயிலை வழியே போகும். சோலை இல்லாவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அது அங்கே நிற்பது தெரியாமல் போய் எதிர்ப்பட்டவர்கள். அதனால்தான் யானை எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது, லோக்கல் கேபிள் டிவியில் ஓடவிடுவது, உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியவிடுவது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பணிக்காக அதே அறக்கட்டளையின் ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி என்ற இயற்கைப் பாதுகாப்பு விருது கிடைத்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கடைப் பக்கமே நின்றுவிடுவார். அம்மாவும் அப்படி நின்றிருக்கிறார்.

காட்டைக் காப்பாற்றுவது என்றால் மக்களை வெளியேற்றுவதா?

இதில் எனக்குக் கோபம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது என்று, நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்களிடம் 2024இல் விருப்ப ஓய்வுத் தாள் நீட்டப்பட்டது. காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்தக் காட்டை வெட்டிய லாபம் போனது ஒரு பக்கம், மூட்டை கட்டியவர்கள் வேறு பக்கம்.

ஆனைமலையின் ஆதிக்குடிகள் காடர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தனிப்பட்ட உரிமையும் சமூக உரிமையும் தருகிறது. எந்த அறக்கட்டளையாக இருந்தாலும் நிலத்தைப் பற்றிப் பேசுமுன் அவர்களிடம் பேச வேண்டும். வால்பாறை முறையில் எனக்குப் பிடித்தது, யாரும் வீட்டை விட்டுப் போகாமல், தேயிலையும் ஓடிக்கொண்டே, நடுவில் சோலையும் வளர்கிறது என்பதுதான்.

எனக்கு மலையில் சொந்த நிலம் இருக்கிறது, அதில் கொஞ்சம் காடும் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

முதலில் காகிதம். பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் எடுத்து வைத்து, காடு எந்த சர்வே எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். பாதிக் காடு உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அளந்தால் புறம்போக்கில் நிற்கும். அந்தப் பகுதி தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் 1949ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், விற்கவும் வெட்டவும் அதற்கென்று உள்ள குழுவின் அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு.

பிறகு வழிகள். அறக்கட்டளைக்குத் தானப் பத்திரமாகவோ உயிலாகவோ கொடுக்கலாம். நீங்களே சிலர் சேர்ந்து பொது அறக்கட்டளை தொடங்கிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதியும்போது "இந்த நிலம் காடாகவே இருக்கும்" என்பதையும், அறக்கட்டளை கலைந்தால் நிலம் எந்த மாதிரி அமைப்புக்குப் போக வேண்டும் என்பதையும் எழுத மறக்காதீர்கள். இந்த இரண்டாவதை எழுதாமல் விட்ட ஒரு நிலம், தொடங்கியவர் காலமான பிறகு ரிசார்ட் ஆனதைப் பார்த்தவன் நான். நில உச்சவரம்புச் சட்டம் எந்த அளவுவரை விடும் என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் சமூகக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தால் வந்தது. தனியாரோ ஊர் மக்களோ தாங்களாக முன்வந்தால் அவர்கள் நிலத்தை அரசு அப்படி அறிவிக்கலாம். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். ஆனால் அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். அரசு நிலம் என்றால் இதே மாதிரி பாதுகாப்புக் காப்பகம். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க்காரர்கள் நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகக் கேட்டு வாங்கியது அதுதான், 2005இல், இந்தியாவிலேயே முதலாவது. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம்.

அறிவிப்பு வந்ததும் தூங்கிவிடக் கூடாது. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே வருடத்தில் அந்த வட்டாரத்தையே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் 2025 ஜனவரியில் ரத்தானது.

பணம் கொடுத்து உதவலாமா? ஒரு மரத்துக்கு எவ்வளவு?

"ஒரு மரம் இத்தனை ரூபாய்" என்று கணக்குச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். என்னென்ன வகை, விதை எங்கிருந்து, நிலம் யாருடையது, மூன்றாம் வருடம் எத்தனை கன்று உயிரோடிருந்தது, களை எடுக்கக் காசு ஒதுக்கியிருக்கிறார்களா, இதைக் கேளுங்கள். உயிரோடிருப்பதைக் கணக்கெடுக்கிற இடம் தயங்காமல் சொல்லும். வருமானவரிக் கழிவுக்குச் சான்று இருக்கிறதா என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும்.

வால்பாறைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறோம், என்ன கவனிக்க வேண்டும்?

ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், மெதுவாக வாருங்கள். குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள், போட்டால் அது ரோட்டுக்கு வரப் பழகி அடிபட்டுச் சாகும். இருட்டிய பிறகு யானை பார்க்கிறேன் என்று வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள்.

நட்டது எப்போது காடாகும்?

ஆரம்பத்தில் நட்ட இடங்களுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். உள்ளே போனால் வெளியைவிடக் குளிர்ச்சி, தரையில் மொரமொரவென்று சருகு, மேலே வானம் சில்லறையாகத்தான் தெரியும். நடாத வகைகளும் முளைத்திருக்கின்றன, பறவை கொண்டுவந்தவை. ஆனால் இருவாச்சி கூடு வைக்க உயரமான, அடிபெருத்த மரத்தில் பொந்து வேண்டும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை வெளியே நின்று விரல் அகலச் சந்து வழியாகப் பழம் ஊட்டும். அப்படி ஒரு பொந்து இந்த இருபது வயது மரங்களில் விழ என் பேரன் காலமும் போதாது. அதுவரை பக்கத்துத் துண்டில் நிற்கும் அந்தப் பழைய மரத்தில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.